எல்லைக்கோட்டில் நிற்கும் இரயில்

ஒரு நாட்டிலே புறப்பட்டு இன்னொரு நாட்டிலே போய்ச் சேரும் பயணி இரயில் என்றதும், "இதிலென்ன பிரமாதம்? பாதை இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, ஏறுவதற்கு ஆளும் இருக்கிறார்கள், ஓட்டிவிட வேண்டியதுதானே!" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ஐயையோ, அதைவிட ஆபத்தான காரியம் வேறுண்டா? பகைவனுக்கு வாசலைத் திறந்து வைப்பதா?" என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள். அந்த இரயிலை ஓட்டுவது எளிதல்ல. ஆனால் முடியாததும் அல்ல. எங்கே எளிது, எங்கே கடினம், எங்கே வேண்டுமென்றே கடினமாக்கப்படுகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். பார்ப்போம்.

நம் துணைக்கண்டத்திலே எல்லை தாண்டி ஓடிய இரயில்களின் பெயர்களை முதலில் கேளுங்கள். அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடையே ஓடியதன் பெயர் சம்ஜௌதா. உடன்பாடு என்று பொருள். கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே ஓடியது மைத்ரி. நட்பு என்று பொருள். கல்கத்தாவிலிருந்து குல்னாவுக்குப் போனது பந்தன். பிணைப்பு என்று பொருள். புதிய ஜல்பாய்குரியிலிருந்து டாக்காவுக்குப் போனது மிதாலி, அதுவும் நட்புதான். அழகழகான பெயர்கள்! ஆனால் உடன்பாடு 2019 ஆகஸ்டிலே நின்றது. நட்பும் பிணைப்பும் 2024 ஜூலையிலே வங்கதேசத்துக் கிளர்ச்சியின்போது நின்று, கிளர்ச்சி ஓய்ந்த பிறகும் மாதக் கணக்காக ஓடாமலே கிடந்தன. பெயர் வைப்பதிலே காட்டிய அக்கறையைப் பெட்டி ஓட்டுவதிலே காட்டினார்களா என்றுதான் கேட்கிறோம்.

1947-க்கு முன்பு இவையெல்லாம் உள்ளூர் வண்டிகள். லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். காலையிலே போய்க் கடைச் சரக்கு வாங்கிக்கொண்டு மாலையிலே திரும்பிவிடும் தூரம்! கல்கத்தா சியால்டாவிலே இரயிலேறிக் கோலந்தோ வரை போய், அங்கிருந்து நீராவிப் படகிலே கிழக்கு வங்கம் போவது வழக்கரும், வணிகரும், மாணவரும் அன்றாடம் செய்த காரியம். பிரிவினைக் கோடு நிலத்தின்மீது விழுந்தது. ஆனால் தண்டவாளத்தை யாரும் உடனே பெயர்த்துவிடவில்லை. வங்கத்திலே, நாடு இரண்டான பிறகும் பதினெட்டு ஆண்டுகள் பயணி வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1965-ஆம் ஆண்டுப் போர் வந்தது, வண்டிகள் நின்றன. போர் நடந்தது சில வாரங்கள். வண்டி நின்றதோ நாற்பத்து மூன்று ஆண்டுகள்! 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், வங்கதேசத்திலே வங்கப் புத்தாண்டு கொண்டாடப்பட்ட அன்று, மைத்ரி புறப்பட்டது. இடையிலே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, முதுமை எய்திவிட்டது. நிறுத்துவதற்கு ஒரு நாள் போதும்; திரும்ப ஓட்டுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். இதுதான் எல்லை இரயிலின் முதல் பாடம்.

கடினங்களைப் பற்றிப் பேசுவோம். முதலாவது, பாதையின் அகலம். இந்தியாவின் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். பாகிஸ்தானிலும் அதுவே. வங்கதேசத்திலோ மேற்குப் பகுதியிலே அகலப்பாதை, கிழக்குப் பகுதியிலே மீட்டர் பாதை. அகலப்பாதை வண்டி டாக்கா வரை போகவேண்டுமானால் என்ன செய்வது? ஒரே கட்டையின்மீது மூன்றாவது தண்டவாளத்தையும் பதித்து, இரு அகலத்துக்கும் ஏற்ற பாதையாக்கினார்கள். பத்மா ஆற்றின்மீது 1915-லேயே ஹார்டிஞ்சு பாலம் வந்துவிட்டது. ஜமுனை ஆற்றின்மீது 1998-லேதான் பாலம் வந்தது. அந்தப் பாலத்தின்மீதும் தண்டவாளம் போட்டபிறகே, கல்கத்தாவிலே ஏறியவர் படகில் இறங்காமல் டாக்கா சேர வழி பிறந்தது. இராஜஸ்தான் பாலைவனத்திலே முனாபாவுக்கும் கோக்ராபாருக்கும் இடையே 1965 போரிலே அறுந்த பாதை மீட்டர் பாதை. அதை இரு நாடுகளும் அகலப்பாதையாக மாற்றி, 2006 பிப்ரவரி 18-இல் தார் வண்டியை ஓட்டிக் காட்டின. மணற்காட்டிலே முடிந்தது, மாபெரும் ஆற்றின்மீதும் முடிந்தது.

இரண்டாவது, எஞ்சினும் ஆட்களும். ஒரு நாட்டு ஓட்டுநருக்கு அடுத்த நாட்டுக் கைகாட்டியும் விதிப்புத்தகமும் பழக்கமில்லை. ஆகவே எல்லை நிலையத்திலே எஞ்சினை மாற்றுவார்கள், ஓட்டுநரை மாற்றுவார்கள், கார்டையும் மாற்றுவார்கள். யாருடைய பெட்டி ஓடுவது? சம்ஜௌதாவிலே அதற்கும் வழி கண்டார்கள். ஆண்டிலே ஆறு திங்கள் இந்தியப் பெட்டிகள், ஆறு திங்கள் பாகிஸ்தான் பெட்டிகள். கட்டணத்தைப் பங்கு பிரிப்பது, பழுதானால் யார் செலவிலே செப்பனிடுவது, தாமதமானால் எந்த நிலையம் எந்த நிலையத்துக்குத் தகவல் தருவது, எல்லாவற்றுக்கும் தாளிலே விதி உண்டு. இரயில்வே ஊழியர்கள் இதிலே பெரும்பாலும் சண்டையிட்டுக்கொள்வதில்லை. அவர்களுக்கு வண்டி நேரத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலான காரியத்தை ஐரோப்பாவிலே செய்திருக்கிறார்கள். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே கடலுக்கடியிலே குடைந்த வழியிலே 1994 நவம்பரிலே ஓடத் தொடங்கிய யூரோஸ்டார் வண்டி மூன்று விதமான மின்சாரத்தில் ஓடுமாறு கட்டப்பட்டது. பிரான்சிலே 25,000 வோல்ட், பெல்ஜியத்திலே 3,000 வோல்ட், இங்கிலாந்தின் தென்பகுதியிலே பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட். ஒரே வண்டி மூன்றையும் ஏற்றது. போலந்து எல்லையிலே பெலாரஸ் நாட்டு பிரெஸ்ட் நகரத்திலே, பாதையின் அகலம் மாறுகிறது என்பதற்காகப் பெட்டியை அப்படியே தூக்கிச் சக்கரத் தொகுதியையே மாற்றி அனுப்பிய காட்சி பல பத்தாண்டுகள் நடந்தது. இரும்பு தரும் தொல்லைக்கு எஞ்சினீயர் விடை காண்பார். ஆகவே, தொழில்நுட்பக் கடினம் என்று சொல்லி எந்த ஆட்சியாளரும் நம்மிடம் தப்பித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது கடினம் உண்மையான கடினம்: சோதனை. பாஸ்போர்ட்டைப் பார்க்கவேண்டும்; விசாவைப் பார்க்கவேண்டும்; சுங்கத்தார் மூட்டையைப் பார்க்கவேண்டும். விமான நிலையத்திலே பயணி கட்டடத்துக்குள் நிற்கிறார், வேலை நடக்கிறது. இரயிலிலோ பல நூறு பேர் பத்துப் பதினைந்து பெட்டிகளிலே பரந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே சோதிப்பது? எல்லையில் இறக்கியா? ஏறுமிடத்திலேயா? ஓடும் வண்டியிலேயா?

மைத்ரி தொடங்கிய நாளிலே எல்லையில் இறக்கித்தான் சோதித்தார்கள். இந்தியப் பக்கம் கேதே நிலையத்திலே எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கவேண்டும். வரிசையிலே நிற்கவேண்டும். முத்திரை வாங்கி மறுபடியும் ஏறவேண்டும். வண்டி சிறிது தூரம் போகும். வங்கதேசப் பக்கம் தர்சனா நிலையத்திலே மீண்டும் இறக்கம், மீண்டும் வரிசை, மீண்டும் ஏற்றம்! ஏறத்தாழ 375 கிலோமீட்டர் பயணத்திலே மணிக்கணக்கு இதற்கே போயிற்று. கைக்குழந்தைக்காரியும் நின்றாள், கால் வீங்கிய கிழவரும் நின்றார். பேருந்திலே போனால் இதைவிடச் சுருக்கப் போகலாமே என்று மக்கள் எண்ணியதிலே வியப்புண்டா?

இந்த முறை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2017 நவம்பரிலேதான், கல்கத்தா நிலையத்திலேயே இந்தியச் சோதனை, டாக்கா கண்டோன்மெண்ட் நிலையத்திலேயே வங்கதேசச் சோதனை என்று மாற்றினார்கள். ஏறும்போது ஒரு சோதனை, இறங்கியபின் ஒரு சோதனை, நடுவழியிலே தொல்லையில்லை. பயண நேரத்திலே சில மணிகள் மிச்சமாயின. புதிய பாலம் கட்டினார்களா? இல்லை. புதிய எஞ்சின் வாங்கினார்களா? இல்லை. அதிகாரியின் மேசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான்! அதற்கு ஒன்பது ஆண்டுகளா என்று கேட்டால் ஆத்திரப்படக்கூடாது.

மேசையை எங்கே போடுவது என்பதற்காக நாடுகள் நடத்தும் சண்டைக்கு நம்மவர்கள் நன்கறிந்த சான்று சிங்கப்பூரிலே இருக்கிறது. மலாயா இரயில் பாதையிலே தமிழர் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல. அந்தப் பாதையின் தென்கோடி சிங்கப்பூர் நகரின் தஞ்சோங் பகார் நிலையம். 1998-இலே சிங்கப்பூர் தன் சோதனையை எல்லையிலுள்ள உட்லண்ட்சுக்கு மாற்றிற்று. மலேசியாவோ தன் அதிகாரிகளைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. விளைவென்ன? வடக்கே போகும் பயணி முதலிலே மலேசியாவுக்குள் நுழைந்ததாக நடத்தப்படுவார். பிறகு வண்டியேறி, உட்லண்ட்சிலே சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்! ஒரு வீட்டை விட்டு வெளியேறுமுன்பே இன்னொரு வீட்டுக்குள் நுழைந்த விந்தை பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. நில உரிமைபற்றிய வழக்கு 2010-இலே தீர்ந்தது. 2011 ஜூன் 30-ஆம் நாளோடு பழைய நிலையம் மூடப்பட்டது. பிறகு இரு நாட்டு அதிகாரிகளும் உட்லண்ட்சிலே ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தார்கள். 2015 முதல் ஜொகூருக்கு ஐந்தே நிமிடத்தில் போகும் வண்டி ஓடிற்று. இலண்டன்–பாரிஸ் வண்டியிலும் இதே வழிதான்: பிரெஞ்சு அதிகாரி இலண்டனிலே உட்கார்ந்து சோதிக்கிறார், ஆங்கில அதிகாரி பாரிசிலே உட்கார்ந்திருக்கிறார். இதனால் எந்த நாட்டின் இறையாண்மையும் தேய்ந்துவிடவில்லை.

நான்காவது கடினம், அச்சம். இதை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஏனெனில் இங்கே உயிர் போயிருக்கிறது.

சிம்லா ஒப்பந்தத்தை அடுத்து, 1976 ஜூலை 22-இலே சம்ஜௌதா ஓடத் தொடங்கியது. தொடக்கத்திலே நாள்தோறும் ஓடியது, 1994-இலே வாரம் இருமுறையாகக் குறைந்தது. அமிர்தசரஸ் வரை வந்துகொண்டிருந்தது, 2000-இலே அட்டாரியோடு நின்றது. 2001 டிசம்பரிலே நாடாளுமன்றத்தின்மீது தாக்குதல் நடந்தது. 2002 சனவரி முதல் நாள் வண்டி நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து 2004 சனவரியிலே மறுபடி ஓடியது. 2007 பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு, டில்லியிலிருந்து அட்டாரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பானிப்பட் அருகே திவானா நிலையத்தை ஒட்டி இரண்டு பெட்டிகள் குண்டு வெடித்துத் தீப்பற்றின. 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் உறவினரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பாகிஸ்தானியர், இந்தியரும் உண்டு. சன்னல்களிலே கம்பி, வெளியேற வழியில்லை. கருகிய உடல்களிலே யார் எந்த நாட்டவர் என்று அடையாளம் காணவே முடியாமற் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்து, 2019 மார்ச்சிலே குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் விடுதலையானார்கள். அறுபத்தெட்டு உயிர் போயிற்று, தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை!

அந்தக் கொடுமை நடந்தபோது இரு அரசுகளும் என்ன செய்தன? வண்டியை நிறுத்தவில்லை. தீப்பற்றாத பெட்டிகள் மேலே போயின. வண்டித் தொடர்பு நீடித்தது. குண்டு வைத்தவன் எதை விரும்பினானோ அதை அவனுக்குத் தரமாட்டோம் என்ற உறுதி அன்று இருந்தது. நாம் பாராட்டுகிறோம். அந்த உறுதி 2019-இலே எங்கே போயிற்று?

காஷ்மீரின் தனித்தகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து, 2019 ஆகஸ்ட் 8-இலே பாகிஸ்தான் அரசு வண்டியை நிறுத்துவதாக அறிவித்தது. அன்று வண்டி ஏற்கெனவே புறப்பட்டு வாகா வரை வந்துவிட்டது. உள்ளே பயணிகள்! தங்கள் ஓட்டுநரும் கார்டும் எல்லை தாண்டமாட்டார்கள் என்றது பாகிஸ்தான் தரப்பு. இந்திய எஞ்சினும் இந்திய ஓட்டுநரும் கார்டும் போய் அந்தப் பெட்டிகளை அட்டாரிக்கு இழுத்து வந்தார்கள். பிறகு இந்திய அரசும் தன் பக்கத்து வண்டியை இரத்து செய்தது. தார் வண்டிக்கும் அதே கதி. காஷ்மீர்ச் சிக்கலிலே அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கிழவிக்கு என்ன பங்கு? அவள் எந்தச் சட்டத்தை நீக்கினாள்? எந்த ஆணையிலே கையெழுத்திட்டாள்? அரசுகள் ஒன்றையொன்று அடிக்க ஓங்கிய கை, அவள் முதுகிலே விழுந்தது.

"பாதுகாப்பு முக்கியமில்லையா? தீவிரவாதி ஏறி வந்தால்? கள்ளக்கடத்தல் நடந்தால்?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பதிலையும் கேளுங்கள். இந்த வண்டியிலே ஏறும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே பெயர், ஊர், தகப்பன் பெயர் கொடுத்து, விசாவுக்காகப் பல வாரங்கள் காத்திருந்து, விசாரணைக்குப் பின் அனுமதி பெற்றவர். பாகிஸ்தானியருக்குத் தரப்பட்ட விசாவிலே எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. போன ஊரிலே போலீஸ் நிலையத்திலே பதிவு செய்யவேண்டும் என்றிருந்தது. இத்தனை பதிவோடு, இரு நாட்டுப் போலீசின் கண்முன்னே இரயிலேறுபவன் ஒளிந்து வருகிறவனா? கள்ளக்கடத்தல் நடந்ததுண்டு; மறுக்கவில்லை. அதற்குச் சோதனையைக் கூர்மையாக்குவதுதான் வழி. அஞ்சலிலே கள்ளப்பொருள் வந்ததென்று அஞ்சல் நிலையத்தை மூடுவார் உண்டா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வண்டி நின்றதால் நின்றுபோனவர் யார்? பணம் படைத்தவர் துபாய் வழியாகச் சுற்றிப் பறந்து போய்ச் சேர்ந்தார். தூதரக அதிகாரிக்குக் கார் உண்டு. போக முடியாமற் போனவர், அக்காளை லாகூரிலே வைத்துவிட்டு டில்லியிலே தையல் தைப்பவர். மகளை ஜோத்பூரிலே கட்டிக்கொடுத்துவிட்டுச் சிந்துவிலே ஆடு மேய்ப்பவர். வாகா வழியே நடந்து போகும் வாயில் ஒன்று இருந்தது. 2025 ஏப்ரலிலே பகல்காமிலே நடந்த படுகொலைக்குப் பிறகு அதையும் மூடினார்கள். அந்தப் படுகொலையைச் செய்தவர்கள் தண்டிக்கப்படவேண்டும் என்பதிலே யாருக்கு மாறுபாடு? ஆனால் கொலையாளி ஒருவனும் அந்த வாயிலிலே வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு வந்தவனல்லவே!

இது வடநாட்டுச் சேதி, நமக்கென்ன என்று தமிழகம் ஒதுங்க முடியாது. டாக்காவிலிருந்து கல்கத்தா வந்து, அங்கிருந்து காட்பாடிக்கு இரயிலேறி, வேலூர் மருத்துவமனைக்கு வரும் வங்கதேச நோயாளிகள் எத்தனை பேர்! வேலூர்த் தெருக்களிலே வங்க எழுத்திலே பெயர்ப்பலகைகள் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மைத்ரி நின்றால் வேலூர் விடுதிக்காரனின் அடுப்பும் அணைகிறது. அங்கே ஒரு நோயாளியின் நம்பிக்கையும் அணைகிறது.

நமக்கே சொந்தமான பழைய கதையும் உண்டு. 1914-இலே பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலே ஏறியவர் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மீண்டும் இரயிலிலும் கொழும்பு போனார். போட் மெயில் என்று மக்கள் அழைத்தார்கள். அந்த வழியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளி மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகே கப்பலேறினான். ஆனாலும் வழி என்று ஒன்று இருந்தது. 1964 டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியையும் அதன் தண்டவாளத்தையும் விழுங்கிற்று. ஒரு பயணி வண்டியையே உயிர்களோடு கடல் கொண்டுபோயிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களிலே இனப்போர் மூண்டபோது நின்றது. போரிலே அழிந்த தலைமன்னார்ப் பாதை இந்திய உதவியோடு கட்டப்பட்டு 2015 மார்ச்சிலே திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலிலே திறக்கப்பட்டது. அந்தக் கரையிலும் இரயில், இந்தக் கரையிலும் இரயில். நடுவிலே இருப்பது கடல் மட்டுந்தானா, கடலைக் காரணம் காட்டும் மனமும் இருக்கிறதா?

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது நமது முறையல்ல. செய்யவேண்டியதையும் சொல்லுகிறோம்.

எல்லை இரயில் என்பதை அரசுகளின் மனநிலைக்கேற்ப ஓட்டும் விழா வண்டியாகக் கருதாமல், அஞ்சல்போல, மருத்துவம்போல, மக்களுக்குரிய பணியாக ஒப்பந்தத்திலே எழுதவேண்டும். நிறுத்தவேண்டிய தேவை வந்தால் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். எந்த நாளிலே மீண்டும் ஆராய்வது என்பதையும் அதிலேயே குறிக்கவேண்டும். நாளில்லாத நிறுத்தம் கூடாது.

நிறுத்தும் நாளிலே அயல்நாட்டில் இருக்கும் பயணிகளைத் திரும்பக் கொண்டுவர இறுதி வண்டி ஒன்று கட்டாயம் ஓடவேண்டும். நடுவழியிலே பெட்டியை விட்டுவிட்டுப் போவது போர்க்காலத்திலேகூட நாகரிகமல்ல.

சோதனை ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் மட்டுமே நடக்கவேண்டும். பெட்டிகளிலே அவசர வழி இருக்கவேண்டும். திவானாவிலே எரிந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.

இருக்கைக்கேற்ற விசா வேண்டும். மைத்ரி தொடங்கிய காலத்திலே பல இருக்கைகள் காலியாகவே ஓடின. விசாவைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு, "வண்டிக்கு வரவேற்பில்லை, நட்டம்" என்று கணக்குக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? கிணற்றைப் பூட்டிவிட்டு, ஊரிலே யாருக்கும் தாகமில்லை என்று சொல்வதைப் போலல்லவா இருக்கிறது!

இவையெல்லாம் நட்பு மலர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நட்பு நிறைந்த நாடுகளுக்கு ஒப்பந்தம் எதற்கு? மனம் கசந்த காலத்துக்காகத்தான் விதி எழுதி வைப்பது. சம்ஜௌதா ஓடத் தொடங்கியது இரு நாடுகளும் கட்டித் தழுவிய காலத்திலல்ல. 1971-ஆம் ஆண்டுப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளிலே! அன்றைய ஆட்சியாளர்களுக்கு அந்தத் துணிவு இருந்தது. இன்று ஆளுவோருக்கு அது இல்லையென்றால், இல்லை என்று நேராகச் சொல்லட்டும். பாதையின்மீதும், பாதுகாப்பின்மீதும், பயணிகளின்மீதும் பழியைப் போடவேண்டாம்.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் நிலையத்தைப் பார்த்தபடி காத்திருப்பவர்கள் ஏழைகள். அவர்கள் அரசுகளிடம் கேட்பது நாடல்ல, நிலமல்ல, ஒரு டிக்கெட். காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறார்கள். அதைக்கூடத் தர மறுப்பது வீரமாகாது என்று இரு தலைநகரங்களுக்கும் சொல்லுகிறோம்.